பஸ் பார்க்க வந்தவர்

போன வாரம் அக்கா என் தொலைபேசிக்கு ஒரு அறிவித்தல் அனுப்பியிருந்தாள். அவளுடைய மகள் படிக்கும் பாடசாலையிலிருந்து பெற்றோருக்கு வந்தது. 'உங்கள் பிள்ளை கல்வியில் வெற்றி பெற நீங்கள் செய்யக்கூடிய பத்து விடயங்கள்.' சுற்றிவரப் பூப்போட்ட கரை. மூலையில் சிரிக்கும் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், நான்கு பேருக்கும் ஒரே அளவான பல். அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது.

கீழே அக்காவின் குரல் பதிவு ஒன்று இருந்தது. "ஏய், இந்தப் பத்துல நம்ம அப்பா எத்தன எடுப்பாருன்னு பாத்துச் சொல்லு."

நான் கண்டியில் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். தராசு, வெப்பமானி, அழுத்தமானி எல்லாம் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்கும் இடம். ஒரு கருவி சொல்வதை நம்பாமல் இன்னொரு கருவியிடம் கேட்பதுதான் நாள் முழுவதும் வேலை. ஆகவே புள்ளி போடச் சொன்னால் விடமாட்டேன். மதிய இடைவேளையில் ஒரு தாளை எடுத்து ஒன்று முதல் பத்து வரை இலக்கமிட்டேன்.

ஒன்று, பிள்ளையை நம்புங்கள். பூச்சியம்.

இரண்டு, படிக்க அமைதியான இடம் ஒதுக்குங்கள். எங்களுக்கு லயம் எனும் தோட்டத்து வரிசை வீட்டில் ஒற்றை அறைக் காம்பிரா ஒன்று, முன்னால் உட்கார ஒரு மரவாங்கு. பக்கத்துக் காம்பிராவில் வானொலி. பூச்சியம்.

மூன்று, சிறு தவறுகளைப் பெரிதுபடுத்தாதீர்கள். பூச்சியத்துக்குக் கீழே போட இடம் இருந்தால் போட்டிருப்பேன்.

நான்கு, ஆசிரியருடன் நல்லுறவு பேணுங்கள். இந்த இடத்தில் பேனை நின்றுவிட்டது. அதற்கு என்ன புள்ளி போடுவதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் அப்பா வாச்சராக இருந்தவர். கண்டியிலிருந்து நுவரெலியா போகும் பாதையோரம் இருக்கும் ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில், கேட்டுக் காவல். தோட்டத்தில் யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, 'ஸ்டோர்' என்றுதான் சொல்வார்கள். வேலை முடிந்து ஸ்டோரை விட்டு வெளியேறும் ஒவ்வொருவரும் அப்பாவின் முன்னால் நின்று சோத்துப் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். துவாயை உதற வேண்டும். தேத்தூள் வெளியே போகிறதா என்று பார்ப்பதற்குத்தான். தன்னுடைய சொந்தத் தம்பியின் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்ததில் சித்தப்பா ஆறு மாதம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. "அவன் எடுத்தான்னு நான் சொல்லலியே, எடுக்கலன்னு பாத்தேன், அவ்வளவுதான்" என்று அப்பா அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

இந்த வேலையை அவர் ஸ்டோரோடு விட்டுவிட்டு வந்திருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, வெறுந்தேத்தண்ணி குடித்துவிட்டு, வாங்கில் உட்கார்ந்து என் பாடசாலைப் பையைத் திறப்பார். ஒரு சாக்கை விரித்து ஒவ்வொன்றாக வெளியே வைப்பார். கொப்பி ஒன்பது. கொம்பாஸ் பெட்டி. அடிமட்டம். பேனை இரண்டு. தண்ணிப் போத்தல். குடை. காலையில் போனது மாலையில் திரும்பி வந்திருக்க வேண்டும். அவர் பெயர் சொல்ல, நான் "இருக்கு" என்று சொல்ல வேண்டும்.

ஒரு தரம் கூடப்படிக்கிறவளின் அழிறப்பர் ஒன்று தவறுதலாக என் பெட்டிக்குள் வந்துவிட்டது. அப்பா அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"இது எப்புடி வந்துச்சு?"

"தெரியாதுப்பா. மாறி வந்திருக்கும்."

"ஒண்ணு கொறஞ்சா தொலைச்சிட்டன்னு வச்சிக்கலாம். ஒண்ணு கூடுனா என்னான்னு வச்சிக்கிறது?"

அன்றைக்கே, கொட்டும் மழையில், ஒன்றரைக் கட்டை தூரம் நடந்து போய் அதைக் கொடுத்துவிட்டு வந்தேன். கூட அப்பாவும் வந்தார், நான் உண்மையிலேயே கொடுக்கிறேனா என்று பார்க்க.

இன்றைக்கும் புதுக் கொப்பியைத் திறந்தால் எனக்குத் தாள் வாசனை போதாமல் இருக்கும். எங்கள் கொப்பிகளில் எல்லாம் தேத்தூள் மணந்தது. அப்பாவின் பெருவிரல் பக்கத்தைப் புரட்டும் இடத்தில், கீழ் வலது மூலையில், ஒரு பழுப்பு நிற வட்டம் இருக்கும். அக்கா அதை 'ஸ்டோர் முத்திரை' என்பாள். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் வாசிப்பது வேறு, பார்ப்பது வேறு. பார்ப்பதில் அவருக்குப் பட்டம் கொடுத்திருக்கலாம். அந்தப் பழுப்பு வட்டம் விழாத பக்கம் என் கொப்பிகளில் ஒன்றுகூட இல்லை. பார்த்த அடையாளம் இருக்கிறதா என்று நானும் பார்த்துவந்தேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்ளலாம்.

நான் தரம் பதினொன்று படித்தபோது நடந்தது இது. வருடக் கடைசியில் சாதாரண தரப் பரீட்சை. விஞ்ஞானத்தில் நல்ல சித்தி கிடைத்தால்தான் கண்டியில் நான் படிக்க விரும்பிய தொழில்நுட்பப் படிப்புக்கு விண்ணப்பிக்க முடியும். கிடைக்காவிட்டால் என்னவென்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் காம்பிராக் கதவுக்கு வெளியே கொழுந்து பறிக்கும் கூடை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்த சேர் கண்டிக்கு அப்பாலிருந்து இரண்டு பஸ் ஏறி வருகிறவர். நல்ல மனிதர், யாரையும் அடித்ததில்லை. அடிப்பதற்கு அவர் வந்தால்தானே. பத்து மணிக்கு வருவார். மாலையில் கண்டியில் டியூசன் வகுப்பு இருந்ததால் பதினொன்றரை பஸ்ஸில் போய்விடுவார். சில நாட்களில் வரவே மாட்டார். ஆகஸ்ட் விடுமுறை நெருங்கியபோது பாடப் புத்தகத்தில் பாதியைக்கூட நாங்கள் தொட்டிருக்கவில்லை.

அப்போதுதான் கொப்பிகளைப் பார்வையிட வலயக் கல்விக் காரியாலயத்திலிருந்து ஆள் வருகிறாரென்று செய்தி வந்தது. சேர் போன வருடத்துப் பிள்ளை ஒருத்தியின் குறிப்புக் கொப்பியை என் கையில் தந்தார். "நீதான் தெளிவா வாசிப்ப. நீ வாசி, எல்லாரும் எழுதட்டும். திகதியெல்லாம் ஒழுங்கா போடுங்க." இரண்டு நாட்கள், வகுப்பு முழுவதும் நான் வாசிக்க எழுதியது. திகதிகளை நான்தான் தயாரித்தேன். நாட்காட்டியை வைத்துக்கொண்டு சனி, ஞாயிறு, பௌர்ணமிப் போயா, பொங்கல், சித்திரைப் புத்தாண்டு மாதிரியான விடுமுறைகள் எல்லாவற்றையும் கழித்து, வாரத்துக்கு ஐந்து பாடம் வீதம் ஒரு பட்டியல். எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா! பிற்பாடு வேலையில் நான் போட்ட எந்தப் பட்டியலும் அத்தனை அழகாக வரவில்லை. சேர் எல்லாக் கொப்பிகளையும் வாங்கி, மதியத்துக்குள் சிவப்புப் பேனையால் சரி போட்டு, கையெழுத்தும் அந்தப் பழைய திகதிகளும் வைத்துத் தந்தார்.

அன்று பிற்பகல் அப்பா வழக்கம்போல சாக்கை விரித்தார். விஞ்ஞானக் கொப்பியை எடுத்தவர் கீழே வைக்கவில்லை. முன்னும் பின்னும் புரட்டினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். பக்கத்தைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவினார்.

"இது எப்ப எழுதுனது?"

"ஒவ்வொரு நாளும் பாடம் நடக்கையில."

"சேர் எப்ப சரி போட்டாரு?"

"அதான் திகதி இருக்கே."

அப்பா இன்னும் இரண்டு பக்கம் புரட்டினார். உள்ளே அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்த சத்தம் கேட்டது. பிறகு கொப்பியை என் பக்கம் திருப்பினார்.

"இங்க பாரு. மாசி மாசத்துல செவப்புப் பேனை நல்லா எழுதுது. பங்குனியில மங்குது. சித்திரையில கீறுது, மை வரல. அடுத்த பக்கத்துல புதுப் பேனை. மூணு மாசமா அந்த சேர் பேனைய மூடி வச்சிட்டு, ஒன் கொப்பிய தவிர வேற எதுவும் எழுதலியா?"

ஸ்டோரில் இன்னொரு வாச்சர் இருந்தார். தன் முறையில் தூங்கிவிட்டு, விடியும்போது, லொறிகள் வந்து போகும் நேரத்தை எழுதும் கேட்டுப் புத்தகத்தை ஒரே மூச்சில் நிரப்புகிறவர். அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து அப்பாவுக்கு ஒரே உட்காரலில் எழுதிய எழுத்தென்றால் மணத்திலேயே தெரியும்.

நான் அப்போதும் விடவில்லை. "பேனை அப்படித்தான் எழுதும்ப்பா" என்றேன். திகதிகளில் எனக்கு அத்தனை நம்பிக்கை. அப்பா விரலை ஒரு திகதியின் மேல் வைத்தார்.

"இந்த நாளு மேல் வளைவுல மண்ணு சரிஞ்சி ரோட்ட அடைச்சிருச்சி. ஸ்டோருக்கு ஒரு லொறி வரல. கேட்டுப் புத்தகத்துல வெறும் பக்கம், நான்தான் கோடு போட்டேன். பஸ்ஸே ஓடல. ஒங்க சேர் பறந்தா வந்தாரு?"

சனி, ஞாயிறு, போயா எல்லாம் கழித்திருந்தேன். மண்சரிவைக் கழிக்கவில்லை. அன்றைக்கு நானும்தான் வீட்டில் இருந்து பலகாரம் தின்றேன். அது எப்படி மறந்துபோனதென்று இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேல் கோபம் வரும்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுதேனா என்று கேட்காதீர்கள். அம்மா மாவுக் கையோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏங்க, போயி சேர்கிட்ட சண்ட கிண்ட போட்றாதீங்க. நாம கேட்டா அவரு புள்ளையத்தான் ஒதுக்குவாரு."

அம்மா சொன்னது பொய்யில்லை. எங்கள் லயத்தில் பாடசாலைக்குப் போகிற பெற்றோர் இரண்டு காரியத்துக்குத்தான் போவார்கள். ஒன்று ரிப்போர்ட்டில் கையெழுத்து வைக்க. மற்றது பிள்ளையை அடித்தாவது படிக்க வையுங்கள் என்று சொல்ல. ஆசிரியர் வருகிறாரா என்று கேட்க யாரும் போனதில்லை.

"நான் ஏன் சண்ட போடுறேன்?" என்றார் அப்பா. "கேட்டா பதில் சொல்லுவாரு. பதில வச்சி நாம என்னா செய்யிறது?"

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய அன்று காலையில் அப்பா மற்ற வாச்சரோடு முறை மாற்றிக்கொண்டு, காக்கி உடுப்பை மாட்டிக்கொண்டு, என்னோடு கிளம்பினார். கையில் ஒரு புதுக் கொப்பி, ஒரு பேனை. பாடசாலைக்குள் வரவில்லை. எதிரே இருந்த பஸ் தரிப்பிடத்தில், சீமெந்து இருக்கையில் உட்கார்ந்தார். ஏழு மணிக்கு உட்கார்ந்தவர் ஒன்றரை மணிக்கு மணி அடிக்கும்வரை எழும்பவில்லை. இரண்டு மணிக்கு ஸ்டோரில் வேலை. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

எங்கள் வகுப்பறை பாதையைப் பார்த்தபடி இருந்தது. எல்லாருக்கும் தெரிந்தது. "ஏய், ஒங்கப்பா எங்களுக்கும் வாச்சரா? போகையில பேக்க தொறந்து காட்டணுமா?" என்று பின்வரிசையில் கேட்டார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கினால் போதுமென்றிருந்தது. அது மண்சரியும் பாதை என்பதால் அந்த ஆசை நடக்கக்கூடியதாகவும் இருந்தது.

முதல் நாள் சேர் பத்து மணிக்கு இறங்கினார். பதினொன்றரைக்கு பஸ் பிடிக்கத் தரிப்பிடத்துக்குப் போனார். அங்கேதான் சங்கடம். கண்டிக்குப் போக வேண்டுமென்றால் அப்பாவின் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். அங்கே நடந்த பேச்சை அப்பா அன்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் அப்படியே சொல்லிக் காட்டினார்.

"என்ன அண்ணே, யாரையும் பாக்க வந்தீங்களா?"

"இல்லிங்க சேர். பஸ் பாக்குறேன்."

"எந்த பஸ்?"

"எல்லா பஸ்ஸும்தாங்க."

அப்பா பேனையை எடுத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதினாராம். சேர் சிரித்துவிட்டு ஏறிப் போய்விட்டார். மூன்றாவது நாள் சிரிக்கவில்லை. நான்காவது நாள் தரிப்பிடத்துக்கு வந்தார், அப்பாவைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார், உட்கார்ந்தார். பஸ் வந்தது. நடத்துநர் படியில் தொங்கிக்கொண்டு "நுவர, நுவர" என்று கண்டியின் சிங்களப் பெயரைக் கத்தினான்.

"சேர், கண்டி பஸ் வந்துருச்சிங்க. ஏறலீங்களா?"

"இல்ல... இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு. அடுத்ததுல போறேன்."

அவர் பாதையைக் கடந்து திரும்பவும் பாடசாலைக்குள் வந்ததை நான் ஜன்னலில் பார்த்தேன். நேராக எங்கள் வகுப்புக்கு வந்தார். யாரையும் பார்க்காமல் கரும்பலகையைத் துடைத்தார். 'அமுக்கம்', அதாவது அழுத்தம், என்று தலைப்பு எழுதினார்.

அடுத்த வாரம் எட்டரைக்கு வந்தார். அதற்கடுத்த வாரம் ஏழே காலுக்கு. அப்பா தோட்டத்துத் தொழிற்சங்கத்தின் ஆள் என்று ஒரு கதை ஓடியது. கொழும்பிலிருந்து யாரோ வைத்த ஆள் என்று இன்னொன்று. ஒரு நாள் அதிபர் ஒரு பிள்ளையிடம் தேத்தண்ணி கொடுத்தனுப்பினார். அப்பா அதை வாங்கவில்லை. "தாகம் இல்லன்னு சொல்லு தாயி." தாகமில்லாமலா? ஸ்டோர் கேட்டில் அவர் யாரிடமும் ஒரு வெற்றிலைகூட வாங்கமாட்டார். அதே பழக்கம்தான்.

நம்பமாட்டீர்கள், அந்த சேர் அருமையாகப் படிப்பித்தார். தண்ணிப் போத்தலில் மூன்று ஓட்டை போட்டு, மேல் ஓட்டையிலிருந்து வரும் தண்ணீர் பக்கத்தில் விழுவதையும் கீழ் ஓட்டையிலிருந்து வருவது தூரத்தில் விழுவதையும் காட்டினார். அது என்னுடைய போத்தல். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு விளக்கம் சொல்ல ஒரு மணி நேரம் போனது. கடைசியில் அவரே அந்த ஓட்டைப் போத்தலில் தண்ணீர் நிரப்பி, வாசலில் நின்று, நான் சொன்னது உண்மையா என்று பார்த்தார். மூன்று தரம் பார்த்தார். அன்றைக்குத்தான் எனக்குப் பாடம் நன்றாக விளங்கியது. இன்று நான் அழுத்தமானிகளோடு மாரடிப்பது அந்த ஓட்டைப் போத்தலால்தான் என்று சொன்னால் ஆய்வுகூடத்தில் சிரிப்பார்கள்.

இத்தனை நன்றாகப் படிப்பிக்கத் தெரிந்தவர் ஏன் அத்தனை நாள் வராமல் இருந்தார்? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. அவருக்காகக் காத்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை என்பதுதானோ என்று சில நேரம் தோன்றும். அது அவருக்கு நான் காட்டும் சலுகையோ என்று உடனே சந்தேகமும் வரும்.

பரீட்சை முடியும்வரை அப்பா உட்கார்ந்தார். மழை நாளில் குடையோடு. எனக்கு விஞ்ஞானத்தில் 'பி' வந்தது. சான்றிதழ் வாங்கப் போன அன்று சேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகத்தில் கோபம் இல்லை.

"ஒங்கப்பா அந்தக் கொப்பிய யாருக்கு அனுப்பினாரு?"

"தெரியாது சேர்."

உண்மையிலேயே தெரியாது. வீட்டுக்கு வந்து அலுமாரிக்கு மேலிருந்த கொப்பியை எடுத்துப் பார்த்தேன். கோணல் எழுத்தில், பக்கம் பக்கமாக, பஸ் இலக்கங்களும் நேரங்களும். கண்டிக்குப் போனது, நுவரெலியாவுக்குப் போனது, இடையில் பழுதாகி நின்றது. மூன்று மாதத்துப் பஸ்கள் எல்லாம் அதில் இருந்தன. சேரின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அவர் வந்த நேரமோ போன நேரமோ இல்லை.

"என்னாப்பா இது? சேர பத்தி ஒண்ணுமே எழுதலியே?"

அப்பா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "பஸ் பாக்குறேன்னுதானே அவருகிட்ட சொன்னேன். அப்பறம் வேற எத எழுதுறது?"

அறிவித்தலின் நான்காம் இலக்கத்துக்கு இப்போது நீங்களே புள்ளி போடுங்கள்.

போன மாதம் வீட்டுக்குப் போயிருந்தேன். பாதையை அகலமாக்கியதில் அந்தத் தரிப்பிடம் போய்விட்டது. சீமெந்து இருக்கை இருந்த இடத்தில் இப்போது மழைநீர்க் கான் ஓடுகிறது. ஸ்டோரில் ஒரு பகுதிதான் இயங்குகிறது. கேட்டில் வாச்சர் இல்லை, கம்பத்தில் ஒரு கமரா இருக்கிறது. அது யார் பையையும் திறக்கச் சொல்வதில்லை. அப்பா ஓய்வு பெற்று நான்கு வருடம். ஒரு கண்ணில் வெண்புரை, மற்றதிலும் தொடங்குகிறது என்கிறார்கள்.

நான் பழக்கதோஷத்தில் பையை வாங்கில் வைத்தேன், வாய் திறந்தபடி. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் இருக்கா புள்ள?"

"இருக்குப்பா."

"சரி. போயி தேத்தண்ணி குடி."

அவ்வளவுதான். கையைக்கூட நீட்டவில்லை. என்னை நம்பிவிட்டாரா, கண் தெரியாததால் விட்டுவிட்டாரா என்று பிரித்துப் பார்க்க என்னிடம் ஒரு கருவியும் இல்லை.

என் குடையை அன்று கண்டி பஸ்ஸில் விட்டுவிட்டு வந்திருந்தேன். பையில் ஒன்று குறைவு. இன்றுவரை நான் அவரிடம் சொல்லவில்லை. அவராகக் கண்டுபிடித்துக் கேட்கட்டும் என்று காத்திருக்கிறேன்.